ஒரு கையெழுத்தின் விலை: காம்பியாவும் சீனாவும் வழியாகத் தூதரக உறவைப் புரிந்துகொள்வோம்

“இரு நாடுகளும் தூதரக உறவைத் துண்டித்துக்கொண்டன” என்று செய்தியில் வரும்போதெல்லாம், கரண்ட் பில் கட்டாத வீட்டில் ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போவதுதான் எனக்கு நினைவுக்கு வரும். வீட்டில் ஃபியூஸைப் பிடுங்கினால் விளக்கு அணையும், ஃபேன் நிற்கும். நாடுகளுக்கு நடுவில் எது நிற்கிறது? விமானம் நிற்குமா? வியாபாரம் நிற்குமா? அங்கே படிக்கப் போன பிள்ளைகள் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வர வேண்டுமா? பெரும்பாலும் இதில் எதுவும் அன்றைக்கே நடப்பதில்லை. அப்படியென்றால் அந்த உறவு எதில்தான் இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா, ரஷ்யா என்று பெரிய இடங்களுக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே எல்லாமே கலந்து கிடக்கும். ஒரு சின்ன நாடும் ஒரு வல்லரசும் என்றால் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு ஏற்ற ஜோடி மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவும் சீனாவும். “சீனா என்றால் எது, பெய்ஜிங்கில் இருக்கும் அரசா, தைவானில் இருக்கும் அரசா?” என்ற ஒரே கேள்விக்கு காம்பியா இதுவரை ஐந்து பதில் சொல்லியிருக்கிறது. 1968இல் தைவான் என்றது. 1974இல் பெய்ஜிங் என்றது. 1995இல் மறுபடி தைவான். 2013இல் தைவானும் இல்லை, பெய்ஜிங்கும் கிடைக்கவில்லை. 2016இல் பெய்ஜிங்.

முதலில் நாட்டைப் பார்த்துவிடலாம். வரைபடத்தில் செனகலின் வயிற்றுக்குள் செருகிய கத்தி போல ஒரு கோடு தெரியும், அதுதான் காம்பியா. காம்பியா ஆறு, அதன் இரு கரையிலும் கொஞ்சம் நிலம், மேற்கே அட்லாண்டிக் கடல், மற்ற மூன்று பக்கமும் செனகல். பரப்பளவு சுமார் 11,300 சதுர கிலோமீட்டர், மக்கள் 2024 கணக்கெடுப்புப்படி 24 லட்சம் பேர். தலைநகர் பஞ்சுல். பிரிட்டனிடமிருந்து 1965 பிப்ரவரி 18 அன்று விடுதலை பெற்றது. வேர்க்கடலை, மீன், கடற்கரைக்கு வரும் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகள் என்று ஓடும் பொருளாதாரம். எண்ணெய்க் கிணறு கிடையாது, வைரம் கிடையாது. ஆனால் ஐ.நா. பொதுச்சபையில் சீனாவுக்கு எத்தனை ஓட்டோ, காம்பியாவுக்கும் அத்தனைதான்: ஒன்று. கதை முழுவதும் இந்த ஒரு ஓட்டைச் சுற்றித்தான்.

மூன்று படிகள்

தெருவில் புதிதாக ஒருவர் குடிவருகிறார். “அந்த வீட்டுக்காரர் இவர்தான்” என்று நாம் ஒப்புக்கொள்வது முதல் படி. அவரோடு பேச்சு வைத்துக்கொள்வது இரண்டாவது. போக்குவரத்து வைத்துக்கொண்டு, விசேஷத்துக்கு ஆள் அனுப்புவது மூன்றாவது. நாடுகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். முதலாவது அங்கீகாரம், அடுத்தது தூதரக உறவு, கடைசியில் தூதரகம் என்ற கட்டடமும் ஆட்களும். மூன்றும் ஒன்றல்ல, ஒன்றாக வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் இலங்கை. அன்றைய சிலோன், பெய்ஜிங் அரசான மக்கள் சீனக் குடியரசை 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்துவிட்டது. 1952இல் ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம்கூடப் போட்டது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்று அமெரிக்கா முறைத்துக்கொண்டிருந்தபோதே போட்ட ஒப்பந்தம் அது. ஆனால் முறைப்படி தூதரக உறவு தொடங்கியது 1957இல்தான். ஏழு வருடம் அங்கீகாரம் இருந்தது, அதில் ஐந்து வருடம் கப்பல் கப்பலாக வியாபாரமும் இருந்தது, தூதரக உறவு மட்டும் இல்லை.

தலைகீழாகவும் பார்க்கலாம். இந்தியா தைவானை ஒரு நாடாக அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் சென்னையில் 2012 முதல், தைவான் தலைநகரின் பெயரில், தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. தூதரகம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அது செய்கிறது. தூதரகம் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெயர் விஷயத்தில்தான் உலகமே அடித்துக்கொள்கிறது என்பதால் ‘மட்டும்’ என்று சொல்வதும் கொஞ்சம் அநியாயம்தான்.

இரண்டு சீனா எப்படி வந்தது

1949இல் உள்நாட்டுப் போரில் மாவோவின் கம்யூனிஸ்ட்டுகள் வென்று பெய்ஜிங்கில் ஆட்சி அமைத்தார்கள். தோற்ற சியாங் கை ஷேக்கின் தேசியவாத அரசு தைவான் தீவுக்குப் போய், “முழுச் சீனாவுக்கும் அரசாங்கம் நாங்கள்தான்” என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. ஐ.நா.வில் சீனாவின் நாற்காலி, பாதுகாப்புக் கவுன்சிலின் வீட்டோ அதிகாரம் உட்பட, தைவான் பக்கமே இருந்தது. ஒரு வீடு, இரண்டு பேர் பட்டா வைத்திருக்கிறார்கள். ஊரார் யாரை வீட்டுக்காரர் என்று கூப்பிடுகிறார்களோ அவர் கை ஓங்கும்.

1960களில் ஆப்பிரிக்காவில் நாடு நாடாக விடுதலை வந்தபோது இரண்டு பேருக்கும் அங்கே புதிதாக ஓட்டுகள் தெரிந்தன. தைவான் தன் வேளாண் குழுக்களை அனுப்பியது. காம்பியாவுக்கும் வந்தார்கள். ஆற்றங்கரையில் தண்ணீர் இறைத்து நெல் போடக் கற்றுக்கொடுத்தார்கள்.

1971 அக்டோபர் 25 அன்று பொதுச்சபையில் 2758ஆம் எண் தீர்மானம் வந்தது. சீனாவின் நாற்காலி பெய்ஜிங்குக்கே என்று 76 நாடுகள் வாக்களித்தன. எதிராக 35, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 17. ஆதரித்த 76இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆப்பிரிக்க நாடுகள். இன்று வரைக்கும் சீனத் தலைவர்கள் ஆப்பிரிக்கா போனால் இந்த நன்றியைச் சொல்லாமல் திரும்புவதில்லை. காம்பியா அன்று எதிர்த்து வாக்களித்த 35இல் ஒன்று. நெல் கற்றுக்கொடுத்தவனுக்கு ஓட்டுப் போட்டது.

ஆனால் தோற்ற பக்கத்தில் எத்தனை நாள் நிற்பது? மூன்று வருடம் கழித்து, 1974 டிசம்பரில், காம்பியாவின் அன்றைய அதிபர் ஜவாராவின் அரசு பெய்ஜிங்கோடு உறவு தொடங்கியது. தைவானின் நெல் குழு கிளம்பியது. அப்புறம் மக்கள் சீனத்தின் நெல் குழு வந்து இறங்கியது. அதே ஆறு, அதே வயல், அதே விவசாயிகள். வாத்தியார் மட்டும் மாறினார். பஞ்சுலுக்குப் பக்கத்தில் பக்காவ் என்ற ஊரில் இன்றும் காம்பியாவின் பெரிய பந்தயங்கள் நடக்கும் சுதந்திர அரங்கம், அந்த இரண்டாவது வாத்தியார் காலத்தில் சீனா கட்டிக்கொடுத்தது.

ஒரு தூதரை அனுப்புவது எப்படி

சரி, இரண்டு அரசுகள் “உறவு வைத்துக்கொள்வோம்” என்று முடிவு செய்துவிட்டன. அடுத்து என்ன? இதற்கெல்லாம் பொதுவான சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. 1961இல் வியன்னாவில் கையெழுத்தாகி 1964இல் நடைமுறைக்கு வந்த தூதரக உறவு உடன்படிக்கை. மொத்தம் 53 பிரிவுகள். சர்வதேசச் சட்டங்களிலேயே எல்லாரும் ஓரளவு ஒழுங்காக மதிக்கும் சட்டம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் எளிது. உன் ஆள் என் ஊரில், என் ஆள் உன் ஊரில். கை வைத்தால் இரண்டு பக்கமும் வலிக்கும்.

உறவு என்பது இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே என்கிறது இரண்டாம் பிரிவு. எந்த வல்லரசாக இருந்தாலும் ஒரு சின்ன நாட்டின் மேல் உறவைத் திணிக்க முடியாது. சின்ன நாடும் “எனக்குத் தூதரகம் வேண்டும்” என்று உரிமையோடு கேட்க முடியாது. இந்தப் பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தூதரை நேராக விமானம் ஏற்றி அனுப்பிவிட முடியாது. “இன்னாரை அனுப்பலாம் என்றிருக்கிறோம், சரிதானா?” என்று முதலில் காதோடு காது வைத்தாற்போலக் கேட்பார்கள். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய பெண் பார்க்கும் படலம் போலத்தான். வெளியில் தெரியாமல் கேட்பதே யாருக்கும் அவமானம் வராமல் இருக்கத்தான். ஒப்புக்கொண்டால் அவர் போய், தன் நாட்டுத் தலைவர் கையெழுத்திட்ட நற்சான்றுப் பத்திரத்தை அந்த நாட்டுத் தலைவரிடம் நேரில் கொடுப்பார். பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள், இரண்டு பேர் ஒரு உறையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம்.

எல்லா நாட்டிலும் கட்டடம் எடுத்து ஆள் போட சின்ன நாடுகளிடம் காசு இருக்காது. அதனால் ஒரே தூதர் பல நாடுகளுக்குப் பொறுப்பாக இருப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. வல்லரசுக்கு இந்தக் கவலை இல்லை. இப்படி எழுத்தில் சமமாக இருக்கும் உறவு, கட்டடத்திலும் ஆள் எண்ணிக்கையிலும் வரும்போது சாய்ந்துவிடுகிறது.

காமன்வெல்த் நாடுகளுக்குள் மட்டும் தூதரகத்துக்கு வேறு பெயர், ஹை கமிஷன். தூதருக்கு ஹை கமிஷனர். வேலை ஒன்றேதான். காம்பியா 2013 அக்டோபரில் காமன்வெல்த்தை விட்டு வெளியேறி, 2018 பிப்ரவரியில் திரும்பச் சேர்ந்தது. போர்டை மாற்றி மாற்றி எழுதியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

தூதரகம் அந்நிய மண்ணா?

இது எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம். “அமெரிக்கத் தூதரகத்துக்குள் கால் வைத்துவிட்டால் அமெரிக்க மண்” என்று சினிமாவில் வசனம் வரும். கிடையாது. நிலம் அந்தந்த ஊருக்குச் சொந்தமானதுதான். ஆனால் 22ஆம் பிரிவின்படி, தூதரகத் தலைவர் அனுமதி இல்லாமல் உள்ளூர் போலீஸ் உள்ளே நுழைய முடியாது. சோதனை போட முடியாது, ஜப்தி செய்ய முடியாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் உரிமையாளர் இஷ்டத்துக்கு நுழைய முடியாது அல்லவா, அந்த மாதிரி, ஆனால் நூறு மடங்கு கறார்.

இந்த வித்தியாசம் உயிரோடு தெரிந்த ஒரு நாள் காம்பியாவின் கதையிலேயே இருக்கிறது. 1994இல் 29 வயது ராணுவ லெஃப்டினன்டாக இருந்து ஆட்சியைப் பிடித்த யஹ்யா ஜாமே, 2016 டிசம்பர் 1ஆம் தேதி தேர்தலில் அடாமா பாரோவிடம் தோற்றார். முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். ஒரு வாரத்தில் மனசு மாறி, நாற்காலியை விட மாட்டேன் என்றார். பாரோ பக்கத்து நாடான செனகலுக்குப் போய்விட்டார். 2017 ஜனவரி 19 அன்று பதவியேற்க வேண்டும். எங்கே ஏற்பது? செனகல் தலைநகர் டக்காரில் இருந்த காம்பியத் தூதரகத்தில் ஏற்றார். ஒரு நாட்டின் அதிபர் பதவியேற்பு, ஸ்டேடியத்தில் நடக்க வேண்டியது, வேறொரு நாட்டின் நகரத்தில் ஒரு சின்னத் தூதரகத்தின் அறைக்குள், தோளோடு தோள் இடித்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே நடந்தது. சட்டப்படி அது செனகல் மண். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் காம்பியாவின் பெயரால் ஒரு காரியம் செய்யலாம், யாரும் உள்ளே வந்து தடுக்க முடியாது. இரண்டு நாள் கழித்து ஜாமே நாட்டை விட்டுக் கிளம்பினார்.

பாதுகாப்பு கட்டடத்துக்கு மட்டுமில்லை, ஆளுக்கும் உண்டு. தூதரைக் கைது செய்ய முடியாது. அவரைப் பிடிக்கவில்லையென்றால் உள்ளூர் அரசின் கையில் இருக்கும் ஆயுதம் ஒன்றே ஒன்று: ‘விரும்பத்தகாத நபர்’ என்று அறிவித்துக் கிளம்பச் சொல்லலாம். இதற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜூனில் ஜாமே, பஞ்சுலில் இருந்த ஐரோப்பிய ஒன்றியப் பிரதிநிதிக்கு 72 மணி நேரம் கெடு கொடுத்து அனுப்பினார். காரணம் சொல்லவே இல்லை.

கொடி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூதரகத்தின் மேலும், தூதர் குடியிருக்கும் வீட்டிலும், அவர் போகும் வாகனத்திலும் தன் நாட்டுக் கொடியைப் பறக்கவிடலாம் என்கிறது 20ஆம் பிரிவு.

ஏலம்

மறுபடி 1995க்குப் போவோம். ஜாமே ஆட்சியைப் பிடித்து ஒரு வருடம். ராணுவப் புரட்சி என்பதால் மேற்கு நாடுகள் உதவியை வெட்டிவிட்டன. கஜானா காய்கிறது. அந்த நேரத்தில் ஒரு ஓட்டுக்காக, ஒரு கையெழுத்துக்காகப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தது தைவான். 1995 ஜூலையில் காம்பியா தைவானோடு மறுபடி உறவு தொடங்கியது. சில நாட்களில் பெய்ஜிங் தன் உறவை நிறுத்திக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உறவு வைத்துக்கொள்ள பெய்ஜிங் விடாது. தைவானோடு கை குலுக்கினால் எங்கள் கை கிடையாது என்பது அதன் விதி.

அடுத்த 18 வருடம் தைவான் நெல்லும் காய்கறியும் பயிரிடச் சொல்லிக்கொடுத்தது, காம்பிய மாணவர்களைத் தைவானுக்கு அழைத்துப் படிக்க வைத்தது. ஐ.நா.வில் தைவானுக்கு இடம் வேண்டும் என்று காம்பியா குரல் கொடுத்தது. இதைக் ‘காசோலை ராஜதந்திரம்’ என்று கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலியில் முழு உடன்பாடில்லை. வல்லரசுகள் கப்பல் படையைக் காட்டிப் பேரம் பேசும்போது அதற்கு ராஜதந்திரம் என்று பெயர். கையில் கையெழுத்து மட்டும் இருக்கும் நாடு அதை வைத்துப் பேரம் பேசினால் மட்டும் விலைபோனது என்று பெயரா? ஜாமே நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவர் ஆட்சியில் சிறையில் காணாமல் போனவர்களின் பட்டியல் நீளமானது. ஆனால் அவருக்கு முன்பிருந்த ஜவாராவும் இதே கணக்கைத்தான் போட்டார், சத்தமில்லாமல்.

கணக்கு தப்பியது 2013இல். நவம்பர் 14 அன்று, நாட்டின் நலன் கருதித் தைவான் உறவை முறித்துக்கொள்வதாக ஜாமே அறிவித்தார். தைவான் திகைத்துப் போனது. சமாதானம் பேச ஆள் அனுப்பிப் பார்த்தது, பலிக்கவில்லை, நான்கு நாள் கழித்துத் தானும் முறித்துக்கொண்டது. எல்லாரும் எதிர்பார்த்தது, பெய்ஜிங் கதவைத் திறந்து கட்டிப்பிடிக்கும் என்று. பெய்ஜிங் கதவைத் திறக்கவில்லை.

ஏன்? 2008இல் தைவானில் மா யிங்-ஜியோ அதிபரான பிறகு, பெய்ஜிங்கும் தைபேயும் ஒருவர் நண்பரை இன்னொருவர் இழுக்க வேண்டாம் என்று சொல்லாமலே ஒரு புரிதலுக்கு வந்திருந்தன. அந்தப் புரிதல் பெய்ஜிங்குக்கு 24 லட்சம் பேர் வாழும் ஆற்றங்கரை நாட்டைவிட முக்கியம். இரண்டு பேர் போட்டி போட்டுக் கேட்கும்போதுதான் ஏலத்தில் விலை ஏறும். கேட்பவர்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால், பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவன் நிற்க வேண்டியதுதான். உறவுக்கு இரு தரப்புச் சம்மதம் வேண்டும் என்ற இரண்டாம் பிரிவை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கே காம்பியாவுக்கு எதிராக வேலை செய்தது. பழைய உறவையும் அறுத்துக்கொண்டு, புதிய உறவும் கிடைக்காமல் 28 மாதம் காத்திருந்தது.

2016 ஜனவரியில் தைவானில் சாய் இங்-வென் தேர்தலில் ஜெயித்தார். பெய்ஜிங்குக்குப் பிடிக்காத கட்சி. அவர் மே 20 அன்று பதவியேற்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்னால், மார்ச் 17 அன்று, காம்பிய வெளியுறவு அமைச்சரை பெய்ஜிங்குக்கு அழைத்து, கூட்டறிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். அதாவது 2013இலிருந்து சட்டைப்பையில் வைத்திருந்த காம்பியாவை, தைவானுக்கு ஒரு குட்டு வைக்க வேண்டிய நாளில் எடுத்து நீட்டினார்கள். கையெழுத்து காம்பியாவுடையதுதான், அதற்கு நாள் குறித்தது பெய்ஜிங்.

அந்த மாதிரிக் கூட்டறிக்கைகளைப் படித்தால் ஒரு பக்கத்தைத் தாண்டாது. உலகில் சீனா ஒன்றே, அதன் ஒரே சட்டப்பூர்வ அரசு மக்கள் சீனக் குடியரசு, தைவான் அதன் பிரிக்க முடியாத பகுதி என்று சின்ன நாடு ஒப்புக்கொள்ளும். பெரிய நாடு அதைப் பாராட்டும். வியன்னா உடன்படிக்கைப்படி தூதர்களை அனுப்பிக்கொள்வோம் என்று முடியும். காம்பியா விஷயத்தில் உறவை ‘மீண்டும் தொடங்குகிறோம்’ என்ற சொல்லைத்தான் போட்டார்கள், ‘தொடங்குகிறோம்’ என்றல்ல. 1995இல் பெய்ஜிங் செய்தது நிறுத்திவைப்பு. தைவானோடு இருந்த வருடங்கள் நடுவில் வந்த இடைவெளி மட்டுமே என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. தூதரக மொழியில் காற்புள்ளிக்கும் சம்பளம் உண்டு.

கையெழுத்துக்குப் பிறகு

ஜாமே போய் பாரோ வந்த பிறகும் இந்த உறவு மாறவில்லை. உறவு என்பது அரசுகளுக்கு நடுவில், ஆட்களுக்கு நடுவில் இல்லை. 2017 டிசம்பரில் பாரோ பெய்ஜிங் போய் ஷி ஜின்பிங்கைச் சந்தித்தார். பஞ்சுலுக்குப் பக்கத்தில் சீன உதவியில் ஒரு பெரிய மாநாட்டு மண்டபம் எழுந்தது. அதற்கு முதல் அதிபர் ஜவாராவின் பெயர். 2024 மே மாதம் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் உச்சி மாநாட்டை காம்பியா நடத்தியது. கிழக்கே மேல் ஆற்றுப் பகுதியில், படகுக்குக் காத்துக் கிடந்த ஊர்களுக்கு இரண்டு பாலங்கள் வந்தன. பாலத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது தைவானை விட்டு வர இன்னும் நாடு மிச்சம் இருக்கிறதா? 2016 டிசம்பரில் சாவோ டோமே போய்விட்டது, 2018 மே மாதம் புர்கினா ஃபாசோ. ஆப்பிரிக்காவில் தைவானோடு நிற்பது இப்போது எஸ்வாட்டினி மட்டும், பழைய பெயர் ஸ்வாசிலாந்து. 1968இல் விடுதலை பெற்றதிலிருந்து பக்கம் மாறாத ராஜ்யம். ஆப்பிரிக்கப் பொருள்களுக்கு இறக்குமதி வரியே இல்லை என்று 2025 ஜூனில் சீனா அறிவித்தபோது, தன்னோடு உறவுள்ள 53 ஆப்பிரிக்க நாடுகளுக்கு என்றுதான் எண்ணைச் சொன்னது. 54இல் விட்டுப்போனது எது என்று பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. எதிர்த்து ஏலம் கேட்க ஆப்பிரிக்காவில் அனேகமாக ஆளில்லை என்பதால், பக்கம் மாறிவிடுவேன் என்று சொல்லிப் பேரம் பேசும் வாய்ப்பு மற்ற 53 நாடுகளுக்கும் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஆனால் நாடு என்ற அந்தஸ்தை வைத்து வேறு காரியமும் செய்யலாம். 2019 நவம்பர் 11 அன்று காம்பியா, ரோஹிங்கியா மக்கள் மீது இனப்படுகொலை நடந்தது என்று மியான்மர் மேல் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்பதே அதன் தகுதி. அடுத்த மாதம் விசாரணைக்கு ஆங் சான் சூ கி நேரில் வந்து, காம்பியாவின் சட்ட அமைச்சர் வாதத்தைத் தொடங்கிவைப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்டி மிரட்டப் பெரிய கப்பல் படை இல்லாத நாட்டுக்கு இப்படியும் ஒரு மேசை கிடைக்கும்.

கடைசியாக, உறவு மீண்ட அதே 2016இல் நடந்த இன்னொன்று. காம்பியாவின் தெற்குக் கடற்கரையில் குன்ஜூர் என்ற மீனவ ஊரில் சீன முதலாளிகளின் மீன் மாவு ஆலை ஒன்று வந்தது. ஒரு கிலோ மீன் மாவுக்கு நாலைந்து கிலோ மீன் வேண்டும். அது போவது வெளிநாட்டு மீன் பண்ணைகளுக்குத் தீவனமாக. போங்கா என்ற மலிவான மீனும் சாளையும்தான் ஊர் மக்களின் அன்றாடக் குழம்பு. அவற்றை ஆலை வாங்கத் தொடங்கியதும், கரையில் கூடை வைத்துக் காத்திருந்த பெண்களுக்கு மீன் எட்டாக்கனியானது. 2017 மே மாதம், ஊரை ஒட்டிய காயல் சிவப்பாக மாறி மீன்கள் செத்து மிதந்தன. அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு ஆலை மேல் வழக்குப் போட்டது, பிறகு வெளியில் பேசி முடித்துக்கொண்டது. 2018இல் ஊர்க்காரர்கள் கடலுக்குக் கழிவு கொண்டுபோன குழாயை மணலிலிருந்து தோண்டி எடுத்தார்கள். சில மாதத்தில் ஆலை புதுக் குழாய் பதித்தது. குழாய்க்குப் பக்கத்தில் மணலில் ஒரு சீனக் கொடியையும் நட்டது.

20ஆம் பிரிவு கொடிக்கு அனுமதி தருவது தூதரகத்தின் மேல், தூதர் குடியிருக்கும் வீட்டில், அவர் போகும் வாகனத்தில்.